என் கையெழுத்து

டாக்டர்களின் அத்துமீறலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் மனத்தில் எழும் உருவங்கள் சில உண்டு. பணத்துக்காகக் கழுத்தை நெரிப்பவர், குடிபோதையில் கத்தியெடுப்பவர், பெண் நோயாளியிடம் முறைதவறி நடப்பவர். அத்தகையோர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைத் தண்டிக்கச் சட்டமும் இருக்கிறது. நான் எழுத முற்படுவது அவர்களைப் பற்றியன்று. நல்லவர் என்று ஊரே போற்றிய ஒரு டாக்டரையும், அவர் சொன்ன மாத்திரத்தில் கையெழுத்திட்ட என்னையும் பற்றி எழுதுகிறேன்.

1998ஆம் ஆண்டு. நோன்பு பிறக்கச் சில நாட்களே இருந்தன. என் தங்கைக்கு அப்போது வயது 34. இரண்டு பெண்மக்கள். மச்சான் சவூதியில் இருந்தார். தங்கையின் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாகவும், கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். நோன்புக்கு முன்பே முடித்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பிஸ்மி சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம் கழிந்து டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வெளியே வந்தார். “பையையே எடுத்துடறது நல்லது. பின்னால தொல்லை இருக்காது. ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கள்ல?” என்றார். உயிருக்கு ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. ஆபத்தா என்று நானும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை நர்ஸ் நீட்டினாள். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். “என்ன வாப்பா சொல்றாங்க?” என்று உம்மா கேட்டதற்கு, “ஒண்ணுமில்லே உம்மா” என்றேன். அந்த ‘ஒண்ணுமில்லே’ இன்றளவும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் நாள் கட்டுமாற்ற வந்த நர்ஸின் வாயிலாகவே தங்கைக்கு விஷயம் தெரிந்தது. அவள் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “என்னைய எழுப்பிக் கேட்டிருக்கலாமே காக்கா. ஒருநாள் பொறுத்தா என்ன ஆயிருக்கும்?” என்றாள். மறு வருடம் மச்சான் ஊர் வந்து தங்கும்போது இன்னொரு பிள்ளை என்று அவர்கள் பேசி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமும் அன்று அது. எனக்கு உரிமையே இல்லாத ஒன்றை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “அவங்க மயக்கத்துல இருந்தாங்க. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?” என்றார். சிகிச்சைக் காகிதங்களைக் கேட்டேன். அவை ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் என்றார். திரும்பி வந்துவிட்டேன். மார்க்க விஷயத்தில் இம்மியளவும் இணைவைப்புக்கு இடங்கொடாத நாம், ‘அல்லாஹ்வுக்கு அடுத்தபடி டாக்டர்தான்’ என்று கூசாமல் சொல்கிறோமே, அன்று அந்தப் படியின் கீழ் நின்றவன் நான்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2008 ஜனவரியில், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று பத்திரிகையில் வந்தது. படிக்கப் படிக்க என் கை நடுங்கிற்று. வழக்கு டில்லியில் 1995இல் நடந்த நிகழ்ச்சியைப் பற்றியது. 44 வயதான, மணமாகாத ஒரு பெண்மணி உதிரப்போக்குக்காக ஒரு பெண் மருத்துவரிடம் போகிறார். குழாய்க் கருவி செலுத்தி உள்ளே பார்ப்பதற்கு மட்டும் அவர் சம்மதம் தருகிறார். அவர் மயக்கத்தில் கிடக்கையில், வெளியே காத்திருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். அங்கே தாயார், இங்கே தமையன். வேறுபாடு அவ்வளவே.

சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். வயது வந்து புத்தித் தெளிவோடிருப்பவர் சற்று நேரம் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக, உயிராபத்து இல்லாதபோது, அவருக்குப் பதில் வேறொருவர் சம்மதம் தர முடியாது என்றும் சொல்லிற்று. அந்த மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதையும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட பிறகும் அவர் செய்தது தவறென்றே தீர்த்தார்கள். கட்டணம் கேட்கும் உரிமை போயிற்று. நஷ்ட ஈடாக 25,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார்கள். தொகை சிறிதுதான். ஆனாலும் என் டாக்டரின் நல்லெண்ணத்தை வைத்து இத்தனை காலம் என்னை நானே சமாதானப்படுத்தி வந்ததற்கு அன்றோடு முடிவு வந்தது.

இது மேல்நாட்டுச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த புதுச் சரக்கு என்று எண்ணியிருந்த என்னை, மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் திருத்தினார். 1223இல் மறைந்த இப்னு குதாமா தம் ‘அல்முஃக்னீ’யில் இதையே பேசியிருக்கிறார் என்றார். ஒருவருடைய உடம்பிலுள்ள கட்டியை அவருடைய அனுமதியின்றி ஒருவர் அறுத்து, அதனால் கேடு விளைந்தால், அறுத்தவர் பொறுப்பேற்க வேண்டும். கைத்திறன் அவரைக் காப்பாற்றாது என்பது அதன் சாரம். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுதத் தெரியவில்லை. உதுமானியர் காலத்துக் காழிகளின் பதிவேடுகளிலும் இத்தகைய சம்மதப் பத்திரங்கள் உண்டு. அறுவைக்கு முன் நோயாளியும் வைத்தியரும் காழியின் முன் வந்து, தான் சம்மதிப்பதாகவும், உயிர் போனால் வழக்காடுவதில்லை என்றும் நோயாளி சொல்வார். வைத்தியரைக் காக்க ஏற்பட்ட முறைதான், ஐயமில்லை. இருந்தும் பேசியவர் நோயாளி.

என் தங்கைக்குப் படிப்பு இருந்தது. கேட்பதற்கு வாயும் இருந்தது. அவளுக்கே இந்தக் கதி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்களில் ஆயிரக்கணக்கானோர் கர்ப்பப்பையை இழந்திருப்பது 2019இல் வெளிப்பட்டது. மாதவிலக்கு நாட்களில் வேலைக்கு வராவிட்டால் பிடித்தம். சிறு வலி என்று போனால் புற்றுநோய் வந்துவிடும் என்ற அச்சுறுத்தல். இரண்டுக்கும் நடுவே கத்தி.

காகிதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த நெறிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கருவுறும் தன்மையைப் போக்கக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும். தமையனைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

சென்ற ஆண்டு தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். நர்ஸ் தாளைக் கொண்டுவந்து அவள் மருமகனிடம் நீட்டினாள். அந்தப் பிள்ளையும் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். தங்கை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமலே, “காக்கா, என் கண்ணாடிய எடுங்க” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக அவள் படித்து முடிக்கும் வரை நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.