ஒன்றுமில்லாத ஊருக்கு இரண்டு நாள்

பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இரண்டே பேச்சுதான். சாரல் விழுந்தால் குற்றாலம், இல்லாவிட்டால் திருச்செந்தூர். செந்திலாண்டவனைத் தரிசித்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் குழந்தையின் கையை இறுகப் பிடித்தபடி கால் நனைத்துவிட்டு, அவசரம் அவசரமாக ஊர் திரும்புவோம். 'கடலுக்குப் போய் வந்தோம்' என்று பெயர். கடலைப் பார்த்தோமா என்றால் இல்லை!

அதே கடற்கரையில், திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் பதினெட்டு கிலோமீட்டரில், குலசேகரன்பட்டினத்தைத் தாண்டியதும் மணப்பாடு என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கருமேனி ஆறு கடலில் சேருமிடம். ஒரு மணற்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஒரு பழைய தேவாலயம், ஒரு கலங்கரை விளக்கம். கீழே வரிசையாகப் படகுகள். அவ்வளவுதான் ஊர்.

கடந்த பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் அங்கே போனோம். நான், கணவர், ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அத்தை. அத்தை என்றால் என் மாமியார். போய் வந்ததிலிருந்து அக்கம்பக்கத்தில், "அங்கே என்ன இருக்கு? பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில், அங்கே என்ன இருக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராட்டினம் இருக்காது. வரிசையாக பஜ்ஜிக் கடை இருக்காது. கடற்கரையில் பெண்கள் உடை மாற்ற வசதியை எதிர்பார்க்காதீர்கள். கழிவறைக்கும் கிளம்புகிற இடத்திலேயே போய்விட்டு வருவது நல்லது. பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் மறைப்பாகவும் ஆகும், விரிப்பாகவும் ஆகும், ஈரப் பிள்ளையைச் சுற்றவும் ஆகும். நாங்கள் திருச்செந்தூரில் அறை எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் மணப்பாட்டுக்குப் போய் வந்தோம். கைக்குழந்தைக்காரர்களுக்கு அதுதான் சௌகரியம். ஆனால் கந்தசஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழா நாட்களைத் தள்ளிவிடுங்கள். அறையே கிடைக்காது. நவராத்திரியில் குலசை முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டியவர்கள் கடல் போல் வருவார்கள். அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். நான் சொல்லும் அமைதிக்கு மட்டும் சரிப்படாது.

எந்த மாதம் என்று கேட்டால், ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலமும் மார்கழித் தொடக்கமும் வேண்டாம் என்பேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கித் தவித்தார்கள். தை பிறந்து பங்குனிக்குள் போவது உத்தமம். வெயில் பொறுக்கும்படியாக இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போங்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று ஆற்றங்கரையை ஒட்டியும் விலகியும் போகிற பாதை. ஜன்னலுக்கு வெளியே வயலும் வாழைத்தோட்டமும். நவதிருப்பதி ஊர்கள் வரும்போதெல்லாம் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பச்சை குறைந்து பனைமரம் கூடுகிறதா, கடல் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி, என்ன இருக்கும் என்று சொல்கிறேன். விடிகாலையில் போனால் கிழக்கே கடலில் சூரியன் எழும். படகுகள் கரை சேரும். மீன் ஏலம் போடுகிற சத்தம் கொஞ்ச நேரம். அப்புறம் ஊர் மறுபடி அடங்கிவிடும். கரையில் உலர்கிற வலையைப் பிள்ளைகள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய சோறு. படகு நிழலில் உட்காருவதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவை ஆலயம் 1581-ல் கட்டப்பட்டது. புயலில் தப்பிய போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவர் ஒருவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. செப்டம்பர் 14-ல் திருவிழா. 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை குன்றின் கீழே கடல் பக்கம் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னக் கிணறு. அலை எட்டிவிடும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது.

"நம்ம நாழிக்கிணறு மாதிரில்லா இருக்கு!" என்றார்கள் அத்தை, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு.

உண்மைதான். திருச்செந்தூர் நாழிக்கிணற்றுக்கும் இதற்கும் காரணம் ஒன்றே. மணலில் இறங்கும் மழைநீர் நல்ல தண்ணீர். அது கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் உப்புநீருக்கு மேலே மிதந்தபடி மணலுக்குள் தங்கிவிடுகிறது. ஆழம் போகாமல் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மூத்தவன் வீட்டுக்கு வந்து தன் வகுப்பு முழுவதற்கும் இதைச் சொல்லியிருக்கிறான்!

இனிமேல் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதல் நாள் காலை, பிள்ளைகளை எங்கே இறக்கலாம் என்று நான் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பத்துப் பதினைந்து அடிக்கு மட்டும் அலையே இல்லை. நீர் கொஞ்சம் கருத்து, குளம் மாதிரி கிடந்தது. இங்கே விளையாடட்டும் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். அப்போது மீன் கூடையோடு வந்த ஒரு வயதான அம்மா நின்றார்கள்.

"தாயீ, பிள்ளைய அங்கன எறக்காதீய. அலை இல்லாத எடம்தான் இழுக்கும். வெள்ளையா ஒடையுத எடத்துல கணுக்கால் மட்டும் நிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா சொன்னதைத்தான் கடல் ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பப் போயாக வேண்டும் அல்லவா? அது மணலில் பள்ளமான ஓர் இடத்தைப் பார்த்து, ஓடை போலச் சேர்ந்து கடலுக்குள் ஓடும். அங்கே ஆழம் அதிகம், ஆகவே அலை உடையாது. பார்வைக்குச் சாது. நல்ல நீச்சல்காரரையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்கும் நாமும் பதறிக் குதித்துவிடக் கூடாது. காலி கேன், ரப்பர் டியூப் என்று மிதக்கிற எதையாவது வீசி, மீனவர்களைக் கூவி அழைக்க வேண்டும். ஆறு கடலில் கலக்கும் முகத்தில் மணல் நிலையாக நிற்காது. அங்கே பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று பெரிய அலை வருவதுண்டு. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து எழும்பும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் மாண்டுபோனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்தியிலும் வரும். கிளம்பும் நாளன்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. தண்ணீரில் தத்தளிக்கிற குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது எப்படிக் கூப்பிடும்? 'ஏதாவது என்றால் கத்துவான்' என்று முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. யாராவது ஒருவர் கண் எப்போதும் பிள்ளை மேல் இருந்தாக வேண்டும்.

சகோதரிகளே, இங்கேதான் நம் வீட்டு விஷயம் வருகிறது. அந்த 'யாராவது ஒருவர்' யார்? நம் வீடுகளில் கேட்காமலே அது அம்மாதான். சமையல் இல்லாத இரண்டு நாள் கிடைத்தாலும் அவள் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அவள் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டிருப்பாள். எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் கலைகிற கூட்டமோ, அதைவிட ஆபத்து. எல்லாரும் பார்ப்பதாக நினைக்கையில் ஒருவரும் பார்ப்பதில்லை.

மீன்காரம்மா போனதும் என் கணவர் தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்தார். "இது யார் தோள்ல கிடக்கோ அவங்க காவல். அரை மணிக்கு ஒருத்தர். காவல் இருக்கும்போது போன் இல்லை, பேச்சு இல்லை. கைமாத்தாம நகரக் கூடாது" என்றார். அத்தைக்குக் கண் கூர்மை, ஓட முடியாது. அதனால் அவர்கள் முறையின்போது கணவர் தண்ணீர் ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

என் முறை முடிந்து துண்டைக் கொடுத்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையைத் திறந்து ஈரத் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"ஏட்டி, அதை வைச்சுட்டுப் போய் சும்மா உக்காரு. நாங்க பாத்துக்கிடுதோம். உன் வயசுல எனக்கு யாரு சொன்னா இப்படி?" என்றார்கள் அத்தை.

கோயில் குன்றின் நிழலில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சிவப்புத் துண்டு அசையாமல் நின்றது. பிறகு பார்க்கவில்லை. கடல் ஒரே நிறமாக இருக்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், தூங்காமல், வேலையும் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த முதல் மணி அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஞாயிறு. படகுகள் கரையிலேயே கிடந்தன, தொழிலுக்குப் போகவில்லை. காலையில் கோயில் மணி மட்டும். பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லாததால் பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கி, நண்டு வளையை எண்ணி, ஒரு தடவைகூடப் போனைக் கேட்காமல் இருந்தார்கள்.

கைவசம் இருக்க வேண்டியவை: இட்லிக்கு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டால் மத்தியானம் வரை கெடாது. கொதித்து ஆறிய தண்ணீர் தாராளமாக. இரண்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பிள்ளைகளுக்குத் தொப்பி. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை கரைப்பக்கமே வேண்டாம். கரையில் கண்ணாடி போல ஒதுங்கிக் கிடக்கும் சொறியைத் தொட விடாதீர்கள், செத்ததும் கடுக்கும். பட்டுவிட்டால் மணலால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவி, பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

திரும்பும் வழியில் உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பனை ஓலையில் பெண்கள் முடைகிற பெட்டிகள் கிடைத்தால் அதையும் வாங்குங்கள். பல வருஷம் உழைக்கும்.

செலவு அதிகமில்லை, தூரமும் அதிகமில்லை. கிளம்புமுன் ஒன்றை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: காவல் யார் யாருக்கு எத்தனை மணி, அதில் அம்மாவுக்கு ஓய்வு எத்தனை மணி என்று. துண்டு எந்த நிறமாக இருந்தாலும் சரி, தூரத்திலிருந்து தெரிய வேண்டும்.