பென்-அ-வான் மலையில் ஒரு சனிக்கிழமை

லண்டனுக்கு வந்த பிறகு நாங்கள் ஏறிய மேடு என்று சொன்னால், கிறீன்விச் பூங்காவும் பிறிம்றோஸ் குன்றும்தான். அதற்குமேல் ஏறியதெல்லாம் மாடிப்படி. லிப்ற் பழுதான நாட்களில் அரிசி மூட்டையோடு ஏழாம் மாடிக்கு ஏறியவர்களும் எங்களுக்குள் உண்டு. ஆகவே, சென்ற புரட்டாதி முதற் சனிக்கிழமை வேல்ஸ் நாட்டு மலையொன்றுக்குப் போவோம் என்று தமிழ்ப் பள்ளிப் பெற்றார் சிலர் சொன்னபோது, 'அதென்ன பெரிய காரியம்' என்றுதான் நினைத்தோம். பிள்ளைகளோடு சேர்த்து 22 பேர் பெயர் கொடுத்தோம். மலை வழிகாட்டிகளாக இருவரை ஒழுங்கு செய்தோம். இருவரும் வேல்ஸ்காரர், மலையில் ஆட்களை அழைத்துச் செல்வதற்கான 'மவுண்டன் லீடர்' தகுதிச் சான்றிதழ் பெற்றவர்கள். மூத்தவர் ஒரு பெண்மணி.

மலையின் பெயர் பென்-அ-வான். எழுத்தைப் பார்த்து 'ஃபான்' என்று வாசித்தால் வேல்ஸ்காரர் சிரிப்பார்கள். 'வான்' என்றதும் எங்களுக்குத் தமிழ்ச் சொல்போலவே கேட்டது. வெல்ஷ் மொழியில் அதற்குச் சிகரம் என்று பொருளாம். உயரம் 886 மீற்றர். தென் பிரித்தானியாவில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. நுவரெலியாப் பட்டணமே 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இது அதில் பாதிகூட இல்லையே என்று வெம்பிளி அண்ணர் கணக்குப் போட்டார். சிவனொளிபாதமலை 2243 மீற்றர். அதையே இளவயதில் வெறுங்காலோடு ஏறியவராம். அவருடைய பேச்சை நம்பிச் சிலர் ஓட்டச் சப்பாத்தோடும் ஜீன்ஸோடும் வந்துவிட்டார்கள்.

அதிகாலை 4.30க்கு ஈஸ்ற்ஹாமில் கோச் புறப்பட்டது. இடியப்பம், சம்பல், முட்டை, இரண்டு பெரிய பிளாஸ்க் தேநீர். செவேர்ண் ஆற்றின்மேல் 1996இல் திறந்த இரண்டாவது பாலத்தால் வேல்ஸுக்குள் நுழைந்தோம். முன்பு இந்தப் பாலத்தில் காசு அறவிட்டார்கள். 2018 டிசம்பரோடு அது நின்றுவிட்டது. பாலம் கடந்ததும் றோட்டுப் பலகையெல்லாம் இரண்டு மொழியில். தரையில் 'ஆரவ்' என்று வெள்ளை எழுத்து. மெதுவாகப் போ என்பதாம். பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் அதைக் கத்திக்கொண்டே வந்தார்கள். பெரியவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர்ப்பலகை மொழிக்காக எங்கள் நாட்டில் என்னென்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். 1957இல் அமைத்த இந்தத் தேசியப் பூங்காவைப் 'பிறெக்கன் பீக்கன்ஸ்' என்றுதான் வெகுகாலம் அழைத்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து 'பன்னாய் ப்ரஹைனியொக்' என்ற வெல்ஷ் பெயரையே பூங்கா நிர்வாகம் முதன்மையாகப் பாவிக்கிறது.

ஸ்ரோறி ஆம்ஸ் என்ற இடத்தில் கோச் நின்றது. வழிகாட்டி அம்மா முதலில் செய்தது எங்கள் பைகளைத் திறந்து பார்த்ததுதான். ஜீன்ஸ் நனைந்தால் இலேசில் காயாது, உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்று சொல்லி, கோச்சில் இருந்த மேலதிக மழைக்காற்சட்டைகளைக் கொடுத்தார். 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல் குளிர் கூடும், காற்று அதைவிட மோசம் என்றார். பிறகு நேரக்கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வகுத்த விதி: சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீற்றர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணி. எங்களைப் பார்த்துவிட்டு அதை ஒன்றரை மடங்கு ஆக்கினார்! கோர்ன் டீ, பென்-அ-வான், க்ரிபின் என்று மூன்று சிகரம் திட்டத்தில் இருந்தன. "ஒரு மணிக்கு இரண்டாவது சிகரத்தில் நிற்காவிட்டால் மூன்றாவது இல்லை" என்று அங்கேயே சொல்லிவிட்டார். தலையாட்டினோம். அப்போது யார் கவனித்தது?

முதல் ஏற்றத்திலேயே வெம்பிளி அண்ணருக்கு மூச்சு வாங்கியது. சிவனொளிபாதத்தில் படி இருக்கிறது, வழி நெடுகத் தேநீர்க்கடை இருக்கிறது. இங்கே கல், ஈரப்புல், காற்று. ஓரோடையைக் கடந்து ஏறினால் மலை விளிம்பு வரும். அங்கே ஒரு கற்தூண் நிற்கிறது. அதைக் காட்டத்தான் வழிகாட்டி எங்களை இடப்பக்கம் சற்றுத் திருப்பினார்.

ரொமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் நினைவுத்தூண் அது. 1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் திகதி. றொண்டாப் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான தகப்பன், பாட்டனாரின் பண்ணைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு பிறெக்கனிலிருந்து நடந்து வந்திருக்கிறார். வழியில் ஓர் இராணுவ முகாம். அங்கே களைப்பாறியபோது பாட்டனாரும் 13 வயது மச்சானும் எதிர்ப்பட்டார்கள். இரண்டு பிள்ளைகளையும் பண்ணைக்கு முன்னால் அனுப்பினார்கள். இருட்டில் பயந்த சின்னவன் பாதி வழியில் அழுதுகொண்டு தகப்பனிடம் திரும்பினான். திரும்பியவன் வந்து சேரவில்லை. 29 நாள் தேடினார்கள். எல்லோரும் பள்ளத்தில் தேட, பிள்ளையோ 2000 அடிக்கு மேலே, இந்த விளிம்பில் கிடந்தான். மரண விசாரணை ஜூரிமார் தங்கள் கொடுப்பனவைக் கொடுத்துத் தூண் எழுப்பத் தொடங்கிவைத்தார்கள்.

மொழிபெயர்த்துச் சொன்ன தங்கைக்கு நடுவில் குரல் தடுமாறியது. காணாமற்போன பிள்ளையின் கதையை எங்களிடம் இரவல் வாங்கிச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் யாரும் கேளாமலே தலைகளை எண்ணினோம்.

கோர்ன் டீ என்றால் கருங்கொம்பு. 873 மீற்றர். அதில் ஏறி நிற்கும்போதே முகில் வந்து மூடிவிட்டது. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிந்தது. வடபக்கம் செங்குத்துச் சரிவு; அந்தப் பக்கம் ஒருவரும் போகக்கூடாதென்று இளைய வழிகாட்டி ஓரமாகவே நடந்தார். இரண்டு சிகரத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் அது நடந்தது.

முகிலுக்குள்ளிருந்து பச்சை உடுப்பில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முதுகில் பெரிய சுமை, கையில் துப்பாக்கி. பின்னாலிருந்து யாரோ மெதுவாக "ஆமி" என்றார்கள். அவ்வளவுதான். ஈஸ்ற்ஹாம் மாமி பேரனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஈரத்தில் குந்திவிட்டா. வந்து பதினைந்து மாதமான ஒரு தம்பி இரண்டு கையையும் வெளியே எடுத்துக் காட்டியபடி நின்றான். இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் 'ஹலோ' என்று கையசைத்தார்கள். எங்களைப் பார்த்த முன்னால் வந்தவன் ஏதோ சொல்ல, எல்லோரும் பாதையை விட்டுச் சேற்றுக்குள் இறங்கி ஒதுங்கி நின்றார்கள். "மன்னிக்கவும், நீங்கள் போங்கள்" என்றான் ஒருவன். முகத்தில் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

வழிகாட்டி அம்மாவுக்கு என்ன நடந்ததென்று முதலில் விளங்கவில்லை. தங்கை இரண்டு வசனத்தில் சொன்னாள். அவர் ஒன்றும் பேசாமல் மாமியின் பக்கத்தில் அதே ஈரத்தில் அமர்ந்து, தன் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இந்த மலை பிரித்தானிய இராணுவத்தின் பழைய பயிற்சிக்களமென்றும், விசேட படைக்கு ஆள் தெரிவதும் இங்கேதான் என்றும் பிறகு சொன்னார். 2013 ஜூலையில் கடும் வெயிலில் நடந்த அப்படியொரு தெரிவு நடையில் மூன்று படையினர் உயிரிழந்தார்களாம். மாமி தேநீரைக் குடித்து முடித்து, "எனக்கு வழி விட்டு நிண்ட ஆமியை இண்டைக்குத்தான் கண்டனான்" என்றா. எழும்பி நடந்தா. எங்களில் சிலருக்குத்தான் கால் நடுக்கம் நிற்கச் சற்று நேரமெடுத்தது.

உச்சியில் ஒரு தட்டையான நிலம், நடுவில் வெண்கல காலத்துப் புதைகுழிக் கற்குவியல். காட்சி எதுவுமில்லை, வெள்ளைச் சுவர்தான். படம் பிடித்தோம், எல்லாப் படத்திலும் நாங்களும் வெண்மையும். அப்போது நேரம் 1.40. வெம்பிளி அண்ணருக்கு வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கியது. சீனி வருத்தக்காரர், காலையில் ஊசி போட்டவர், இடியப்பத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். குளுக்கோஸ் வில்லையும் இனிப்புத் தேநீரும் கொடுத்ததும் தேறினார். ஆனால் 795 மீற்றர் க்ரிபின் அன்றைக்கு இல்லையென்று வழிகாட்டி முடிவாகச் சொன்னார். "மூன்று சிகரத்துக்கல்லோ காசு கட்டினது" என்று இளைஞர் ஒருவர் முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால், எங்களில் பலருக்கும் அந்த எண்ணம் வந்தது. கற்தூணை நினைத்து வாயை மூடிக்கொண்டோம்.

இறங்கும்போது இளைய வழிகாட்டி சொன்ன சில விடயங்களைப் புதிதாக வந்த குடும்பங்களுக்காக எழுதுகிறோம். மலையில் ஆபத்தென்றால் 999க்கு அடித்து முதலில் பொலிசையும் அவர்களிடம் மலைமீட்புக் குழுவையும் கேட்கவேண்டும். தொலைபேசி வேலை செய்யாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். வருகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். ஒரு சதமும் அறவிட மாட்டார்கள். பில் வருமோ, விசாவைக் கேட்பார்களோ என்று பயந்து குளிரில் கிடக்க வேண்டாம். சப்பாத்தைப் புதிதாகத்தான் வாங்கவேண்டுமென்பதும் இல்லை. தர்மக் கடைகளில் நல்ல மலைச் சப்பாத்து அடிக்கடி கிடைக்கிறது. கணுக்காலை மூடுவதாகப் பார்த்து வாங்கி, இரண்டு கிழமை கடைக்குப் போட்டு நடந்து பழக்குங்கள்.

பொன்ட்-ஆர்-டாவ் பாதையால் கீழே வந்து சேர நாலரை. கடைசியாக எண்ணினோம்: 22. கோச் புறப்படும்போது முகில் கலைந்து மூன்று சிகரமும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. எங்களைக் கேலி செய்வதுபோல் இருந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்த மூன்றாவதன் பெயரைத் தங்கையிடம் கேட்டா. கார்டிப் வருமட்டும் "கிரிப்பன், கிரிபின்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தா. வருகிற ஆனி மாதத்துக்கு முதலாவது பெயர் அவவுடையதுதான்.