இடுப்புவலி என்று சொன்னேன்

11 மாதம் எல்லோரிடமும் ‘இடுப்புவலி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வலித்தது அதற்குக் கீழே, வலது பிட்டத்தின் நடுவில், ஆழத்தில். அந்த வார்த்தையை ஒரு ஆண் மருத்துவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் சொன்ன வார்த்தைக்குத்தான் வைத்தியம் நடந்தது. கீழ்முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வலியே இல்லாத பலருக்கும் அந்தப் பிதுக்கம் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெல்ட், மாத்திரை, டிராக்‌ஷன். எதற்கும் வலி அசையவில்லை. நடந்தால் பரவாயில்லை, 20 நிமிடம் உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கமாக எரிச்சல் இறங்கும். மெய்ப்புத் திருத்துகிறவள் உட்காராமல் எப்படிப் பிழைப்பது? “ஆபரேஷன் பத்தி யோசிங்க” என்றார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன். ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, “எங்க வலிக்குக்கா? ஒத்த வெரல வச்சுக் காட்டுங்க” என்றாள். காட்டினேன்.

“இது இடுப்பு இல்லையே!”

பாதத்தின் பலம், உணர்ச்சி எல்லாம் பார்த்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி எதிர்ப்பக்கமாக அழுத்தினாள். கத்திவிட்டேன். அதே எரிச்சல், அதே வழி.

பைரிஃபார்மிஸ் என்பது பிட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தசை. பேரிக்காய் வடிவம் என்பதால் லத்தீனில் அந்தப் பெயர். முதுகெலும்பின் அடியில் தொடங்கித் தொடையெலும்பின் மேல்முனையில் சேர்கிறது. அதற்கடியில் சயாட்டிக் நரம்பு போகிறது. சிலருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டே போகும். தசை இறுகினால் நரம்பு நெரிபடும்.

“இதுக்குன்னு ஒரே டெஸ்ட் கெடையாதுக்கா. மத்ததெல்லாம் இல்லன்னு ஒதுக்கிட்டுத்தான் சொல்லணும். ஆறு வாரம் பாப்போம்.”

தினமும் தசையை நீட்டும் பயிற்சி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடை. இரண்டு மாதத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது.

அம்மா பீடி சுற்றியவள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் இடதுபக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் நாங்கள் அதைப்போல நடித்துக் காட்டிச் சிரிப்போம். இரவில் “இடுப்பு கடுக்கு” என்று தைலம் கேட்பாள். தேய்த்துவிட்டிருக்கிறேன், இடுப்பில்.

அவளுக்கும் இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒற்றை விரலை வைத்துக் காட்டச் சொல்லி அவளை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.