நாராயண்காவ்: சந்தைக்கு வரும் முன்பே சாயும் தக்காளி

புனேயிலிருந்து நாசிக் சாலையில் சாக்கண், மஞ்சர் தாண்டிச் சுமார் 75 கி.மீ. போனால் நாராயண்காவ். மராத்தியர்களுக்கு இது தமாஷா ஊர். மறைந்த கலைஞர் விட்டாபாயின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். லாரிக்காரர்களுக்கோ தக்காளி ஊர். சீசனில் சந்தை முழுக்க பிளாஸ்டிக் கிரேட்டுகள்தான். கிரேட்டுக்கு 20 கிலோ. 2023 ஜூலையில் விலை எகிறியபோது, இந்தப் பக்கத்து விவசாயிகள் சிலர் கோடீஸ்வரர்களான கதை நாடெங்கும் பேசப்பட்டது. பறிப்பதற்கு முன்பே செடி சாய்ந்த கதைகளை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

2020 மே மாதம் மகாராஷ்டிரத்தில் பழங்கள் சீராகச் சிவக்காமல் திட்டுத்திட்டாக நிறம் மாறின. விவசாயிகள் 'திரங்கா வைரஸ்' என்று பெயர் வைத்தார்கள். மாதிரிகள் பெங்களூருக்குப் போயின. அது வைரஸ். அதைவிடப் பிடிவாதமான எதிரி பாக்டீரியா.

வாடல் நோயைத் தரும் ரால்ஸ்டோனியா மண்ணில் பல ஆண்டுகள் பதுங்கியிருக்கும். வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். செடி பழுக்காமல், பச்சையாகவே துவளும். நறுக்கிய தண்டை டம்ளர் நீரில் பிடித்தால் பால் போன்ற இழை கசிந்து இறங்கும். வயலிலேயே செய்யக்கூடிய சோதனை இது. நோய் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் செடியைக் காப்பாற்றும் மருந்துதான் இல்லை. கேரளம், கோவா, கொங்கணத்தின் அமில மண்ணில் இது கொடிகட்டிப் பறக்கிறது.

ஆகவே விதையிலேயே எதிர்ப்பைப் புகுத்தப் பார்க்கிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் 'சக்தி', 'முக்தி' ரகங்களைத் தந்தது. பெங்களூர் அருகே ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'அர்க்கா ஆபா', 'அர்க்கா ஆலோக்' ரகங்களை வெளியிட்டது. பிறகு ஏ.டி. சதாசிவா குழுவின் 'அர்க்கா ரக்ஷக்' வந்தது. இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். ஆனால் கலப்பினம் என்பதால் ஒவ்வொரு முறையும் விதையைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும்.

இதில் சிக்கல் என்னவென்றால், எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் சின்னப் பழம் காய்க்கும் செடிகளில்தான் இருக்கிறது. அதைப் பெரிய பழத்தோடு சேர்ப்பதற்குள் பல தலைமுறைச் செடிகள் கடந்துவிடும். அப்படியே சேர்த்தாலும், ஒரு ஊரில் தாக்குப்பிடித்த ரகம் பாக்டீரியாவின் வேறு இனம் உள்ள மண்ணில் படுத்துவிடலாம். நாராயண்காவ் வியாபாரி இதையெல்லாம் கேட்பாரா? அவருக்குத் தோல் கெட்டியாக இருக்கவேண்டும். தொலைதூரச் சந்தைவரை லாரியில் நசுங்காமல் போகவேண்டும்.

இதற்கிடையே இன்னொரு குறுக்குவழி பரவுகிறது: வாடலைத் தாங்கும் கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக் கட்டுவது. கத்தரிக்கே அப்படி வேர் கொடுப்பது, நம் வற்றல் குழம்புச் சுண்டைக்காய்ச் செடி. ஒட்டு நாற்றின் விலை சாதாரண நாற்றைவிட அதிகம். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் நாற்று வேண்டும். நோய் ஒருமுறை வந்துபோன வயல்காரர்தான் அந்தக் கணக்குப் போடத் துணிகிறார்.