முக்திநாதர் சேவைக்கு எவ்வழி ஏகுவது?

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் இப்பூவுலகில் உள்ளவை 106. அவற்றுள் பாரத எல்லைக்கு அப்பால் அமைந்தது ஒன்றே. அது திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தருளிய திருச்சாளக்கிராமம். நேபாளத்தின் முக்திநாத் க்ஷேத்திரத்தையே அத்திருப்பதியாகக் கொண்டு அன்பர்கள் சேவித்து வருகின்றனர். தலம் இருப்பதோ சுமார் 3,700 மீட்டர் உயரத்தில். நம் உதகமண்டலம் 2,240 மீட்டரே என்பதை நினைத்தால், முதிய அன்பர்கள் வழியைத் தேர்ந்தெடுப்பதில் எத்துணைக் கவனம் வேண்டும் என்பது விளங்கும்.

நேபாளத்தை அடைய இரு வழிகள் உண்டு. தில்லியிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குள் காட்மாண்டு சென்று, பசுபதிநாதரைத் தரிசித்து, பொக்ரா செல்லலாம். ரயிலில் கோரக்பூர் வரை சென்று, சுனௌலியில் எல்லையைக் கடந்து, மலைச்சாலையில் பொக்ராவை அடைவது மற்றொன்று. செலவு குறைவு, உடல் அலுப்பு மிகுதி. மூட்டுவலி உடையோர்க்கு விமானமே உகந்தது.

உண்மையான முடிவை எடுக்க வேண்டிய இடம் பொக்ரா. அவ்வூர் சுமார் 800 மீட்டர் உயரமே. அங்கிருந்து சிறு விமானம் இருபது நிமிடங்களில் 2,700 மீட்டர் உயரத்து ஜோம்சோமில் இறக்கிவிடும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசுவதால் காலையில்தான் விமானம் பறக்கும். வானிலை மாறினால் அதுவும் இல்லை. பேனி வழியாகச் செல்லும் சாலை கரடுமுரடானது. ஆயினும் தாதோபானியில் ஓர் இரவு, ஜோம்சோமில் ஓர் இரவு எனத் தங்கித் தங்கி ஏறினால், மெலிந்த காற்றுக்கு உடல் மெல்லப் பழகும். ஹெலிகாப்டரில் சென்று சில மணி நேரத்தில் திரும்புவோரும் உளர். உடல் பழக அதில் அவகாசமே இல்லை.

ஆகவே விமானத்தில் செல்வோரும் அன்றே மேலேறாமல், ஜோம்சோமில் ஓரிரவேனும் தங்குதல் நலம். மறுநாள் ஜீப்பில் சென்று சேவித்துவிட்டு, இரவு உறங்கக் கீழே இறங்கிவிடலாம். இதய நோய், சுவாச நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் கண்டால் மேலே செல்லாமல் உடனே இறங்க வேண்டும்.

சந்நிதியைச் சூழ்ந்து 108 தாரைகளில் தீர்த்தம் பனிக்குளிர்ச்சியுடன் விழுகிறது. முதியோர் அதில் நனைய வேண்டியதில்லை; தலையில் புரோக்ஷித்துக்கொண்டால் போதும்.

விமானத்தில் செல்லப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை அவசியம்; 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆதார் அட்டையும் ஏற்கப்படுகிறது. நம் நூறு ரூபாய்க்கு நேபாள நாணயம் 160 ரூபாய். நூறு ரூபாய் நோட்டுகளாகவே கொண்டு செல்வது வசதி. பயணத் திட்டத்தில் இரண்டு நாட்களை உபரியாக வைத்துக்கொண்டால், விமானம் பறக்காவிடினும் மனம் பதறாது.

தம்பதியராகச் செல்வோர், ஒருவருக்கு இயலாமற் போனால் மற்றவரும் உடன் இறங்குவது என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுதல் நன்று. அவ்வாறு ஜோம்சோமிலேயே தங்க நேர்ந்தாலும் யாத்திரை வீணன்று. சாளக்கிராம மூர்த்திகள் தோன்றும் காளி கண்டகி அவ்வூரின் வழியாகவே ஓடுகிறாள்.