பத்துக் கையெழுத்து

தில்லியில் பிஞ்சு முருங்கைக்காயும் நேந்திரங்காயும் மட்டை அரிசியும் வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். நேதாஜியின் படைப் பெயரைத் தாங்கிய இடம். அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பது, இங்கே வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசும் தமிழர்களில் எத்தனை பேருக்கு ஞாபகமிருக்கும்! சுற்றிலும் லட்சுமிபாய் நகர், கிட்வாய் நகர், சரோஜினி நகர் என்று மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி அரசாங்கம் பையுடன் இங்கேதான் நிற்கும்.

2024 ஏப்ரல் 28-ம் தேதி ஞாயிறன்று அந்தக் கூட்டத்தில் மூன்று இளைஞர்கள் கையில் ஃபைலுடன் அலைந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் புது தில்லி மக்களவைத் தொகுதிக்கு வேட்புமனுத் தாக்கல் ஆரம்பம். ஒரு சிறிய கட்சியின் தொண்டர்கள் அவர்கள். கட்சியின் பெயர் வேண்டாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதன் தீர்மானங்கள் சிலவற்றை நான் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்ததால் எனக்கு அறிமுகம். அவர்கள் ஓட்டுக் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. கேட்டது கையெழுத்து.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத கட்சி என்றாலோ, சுயேச்சை என்றாலோ பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண் எழுதி, பக்கத்தில் கையெழுத்து. பத்தில் ஒன்று சொத்தையானாலும் மனு போச்சு.

இந்தப் பத்து என்ற எண் வந்ததற்குத் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். பெரும்பாலோர் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கோபத்தில் மனுப்போட்ட விவசாயிகள். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று, தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஆந்திரத்தின் நல்கொண்டாவில் மக்களவைக்கு 480 பேர். அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. டெபாசிட் உயர்ந்தது, பத்து முன்மொழிவோர் விதியும் வந்தது. 1996-ல் நாடு முழுவதும் 13,952 ஆக இருந்த மக்களவை வேட்பாளர் எண்ணிக்கை 1998-ல் 4,750 ஆகச் சுருங்கியது. வாக்குச்சீட்டு மறுபடி வாக்குச்சீட்டானது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டெபாசிட் இப்போது 25,000 ரூபாய். அதைக்கூட வசூல் செய்துவிடலாம். பத்துப் பெயர் சேர்ப்பதுதான் பெரும்பாடு என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

முதலில் மடக்கியது ஒரு செக்‌ஷன் ஆபீசரை. சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார். "தம்பி, உங்களுக்கே ஓட்டுப் போட்டாலும் போடுவேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க." அவர் சொன்னது சரிதான். மத்திய அரசு ஊழியர் அரசியலில் பங்கெடுக்கக் கூடாது என்பது நடத்தை விதி. ஒரு வேட்பாளரை முன்மொழிவதும் அப்படிப் பங்கெடுப்பதுதான் என்பது அரசின் நெடுநாளைய விளக்கம். ஆக, சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு வாக்காளராவது கணக்கில் வரமாட்டார். ஓய்வுபெற்றவர்களுக்குத் தடையில்லை, ஆனால் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து துவாரகாவுக்கோ நொய்டாவுக்கோ போய்விடுகிறார்கள். ஓட்டும் அவர்களோடு போய்விடும்.

சரி, கடைக்காரர்கள்? தேங்காய்க் கடைக்காரரின் வீடு பரீதாபாத்தில், ஓட்டும் அங்கேதான். மளிகைக் கடை முதலாளிக்குத் தெற்கு தில்லித் தொகுதி. மீன் வெட்டும் பையனுக்குப் பீகார். சிப்ஸ் வறுப்பவர் பாலக்காட்டில் ஏப்ரல் 26-ம் தேதி ஓட்டுப்போட்டுவிட்டு அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார், விரலில் மை காயாத குறை. நாள் முழுக்கப் புது தில்லித் தொகுதியில் உழைப்பவர்கள் இவர்கள். பட்டியலில் மட்டும் இங்கே இல்லை.

மிச்சமிருப்பவர்கள் மனைவிமார்கள். விதி ஊழியரைத்தான் கட்டுப்படுத்துகிறது, அவர் மனைவியை அல்ல. தொண்டர்களில் சேலத்துப் பெண் ஒருத்தி கறிவேப்பிலைக் கூடையருகே ஒரு மாமியைப் பிடித்தாள். பொறுமையாகக் கேட்டார் மாமி. பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஏண்டிம்மா, என் பேரு வெளில தெரியுமோ?"

தெரியும். மனு வந்ததும் தேர்தல் அதிகாரி தன் அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதில் வேட்பாளர் பெயர் மட்டுமல்ல, முன்மொழிந்தவர் பெயரும் இருக்கும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மாமி கறிவேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்காத்துக்காரருக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டு ரகசியம். அதற்காகத் திரை மறைத்த மூலை, யார் எட்டிப் பார்த்தாலும் அதட்டும் அதிகாரி எல்லாம் உண்டு. ஆனால் அந்த இயந்திரத்தில் ஒரு சிறிய கட்சியின் பெயர் இடம்பெறப் பத்துச் சாமானியர்கள் தங்கள் பெயரைப் பகிரங்கமாக எழுதித்தர வேண்டும். பெரிய கட்சிக்கு முன்மொழிபவர் பெரும்பாலும் அந்தக் கட்சிக்காரர், அவர் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவர்களிடம்தான் சட்டம் பத்து மடங்கு கேட்கிறது.

பயம் வெறும் கற்பனை என்றும் சொல்வதற்கில்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு எப்படித் தள்ளுபடியானது என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். அவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்றார் விஷால். எது உண்மையோ, ஒரு நடிகரின் கதியே அது. நாங்கள் மார்க்கெட்டில் அலைந்ததற்கு ஒரு வாரம் முன்புதான் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரின் மனு இதே காரணத்துக்காகத் தள்ளுபடியாகி, மற்றவர்களும் விலக, பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானார். பெரிய கட்சிக்கும் வரும் ஆபத்துதான். ஆனால் அங்கே கேட்க வக்கீல் படை உண்டு.

ஆகவே தொண்டர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நிற்கும் என்பதால் குறைந்தது இரண்டு செட்டாவது நிரப்ப வேண்டுமென்று கணக்கு. சம்மதித்தவர்களின் வாக்காளர் அட்டை எண்ணைச் செல்போனில் தட்டிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்தார்கள். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடிகள் கட்டியபோது இடம் மாறிய குடும்பங்கள் பல. கையில் அட்டை இருக்கும், பட்டியலில் ஆள் இருக்காது. கைநாட்டு வைப்பவர்களைக் கூடியவரை தவிர்த்தார்கள். ரேகை வைத்தால் தேர்தல் அதிகாரி முன்போ தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அதிகாரி முன்போ வைக்க வேண்டும். துணி தேய்க்கும் ஒரு கிழவர் தானாக வந்தார். ஒருநாள் கூலியை விட்டு அவரை ஜாம்நகர் ஹவுஸுக்கு அழைத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை.

மாலை 4 மணிக்குப் பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அந்தச் சேலத்துப் பெண் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க ஓட்டு எங்கே?"

என் ஓட்டு புது தில்லியில்தான். பத்திரிகைக்காரர்கள் எந்தக் கட்சிக்கும் கையெழுத்துப் போடுவது வழக்கமில்லை, அது நல்ல வழக்கமும்கூட. அவர்களுடைய மொழிக் கொள்கை எனக்கு அறவே பிடிக்காது. மொழிபெயர்க்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அவர்களுக்கு ஓட்டுப்போடும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் படிவம் என்னிடம் அதைக் கேட்கவில்லை. இந்த ஆள் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டது. நிற்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தேர்தல் முடியும்வரை தேர்தல் செய்தி எதுவும் நான் எழுதப்போவதில்லை என்று ஆசிரியரிடம் அன்றிரவே போனில் சொல்லிவிட்டேன். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார் அவர்.

பிரிட்டனிலும் பத்துக் கையெழுத்து உண்டு. ஆனால் அங்கே அது எல்லாருக்கும். ஆளுங்கட்சியின் வேட்பாளரும் பத்து, ஊரறியாத சுயேச்சையும் பத்து. இங்கேயும் அப்படி வைத்தால் எனக்குப் புகாரில்லை.

மே 7-ம் தேதி பரிசீலனையில் அவர்கள் மனு ஏற்கப்பட்டது. டெபாசிட் திரும்பவில்லை. ஆனால் நின்றதற்கு ஒரு பலன் உண்டு. ஆறு ஆண்டுகள் எந்தத் தேர்தலிலும் போட்டியிடாத கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025-ல் பட்டியலிலிருந்து நீக்கியது: ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474. அவற்றில் பல வெறும் லெட்டர்பேடு கட்சிகள், போனதில் நஷ்டமில்லை. இந்தக் கட்சி தப்பித்துக்கொண்டது. சேலத்துப் பெண் போனில் அதைச் சொன்னபோது குரலில் சந்தோஷம் இருந்தது. அடுத்த முறைக்கு இப்போதே ஒரு நோட்டில் பெயர் சேர்க்கிறார்களாம். முதல் பக்கத்தில் அந்த மாமியின் பெயர். வீட்டுக்காரர் ரிட்டயராகும் தேதியும் பக்கத்தில் எழுதியிருக்கிறதாம்.