பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களும், "கம்ப்யூட்டர் எல்லாம் நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்கி நிற்கும் என் வயதுக்காரர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. உங்களில் பலர் கையில் வாங்கியிருப்பீர்கள். முதலில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. சொல்லிக் கொடுக்க எங்களுக்கும் தெரியாது. இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் 11 பழைய மெஷின்களில் பெரும்பாலும் ஏறாது. அதனால்தான் "தூக்கிப் போடுங்க" என்ற பேச்சு ஊர் முழுக்கக் கேட்கிறது.

எங்கள் எதிர்வீட்டிலும் அதே பேச்சுதான். அந்த வீட்டு அம்மா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள், பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறாள். மகள் கல்லூரியில் கடைசி வருடம். பத்து நாளில் புராஜெக்ட் டைப் செய்து கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்தது அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த லேப்டாப். ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது. கடையில் கேட்டதற்கு, "இது ஆகாது, செகண்ட் ஹேண்டில் வேற வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"டீச்சர், கம்மல வச்சு ஒண்ணு வாங்கிரலாம்னு பாக்கேன்" என்று வந்து நின்றாள். (அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

"கம்மல் காதுலயே இருக்கட்டும். முதல்ல லேப்டாப்பைக் கொண்டா" என்றேன்.

எனக்கு லினக்ஸ் பழக்கிவிட்டவன் பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன். போன வருடம் என் கம்ப்யூட்டருக்கு அவன் போனிலேயே சொல்லச் சொல்ல நானே போட்டேன். நான் எதைக் கேட்டாலும் அவன் முதலில் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசிங்க." முப்பது வருடத்துக்கு முன் கணக்கை வாசிக்காமலே கூட்டலா கழித்தலா என்று கேட்ட பயல் அவன்!

அந்தப் பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன். கீபோர்டை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "நான் தொட்டா கெட்டுப்போயிரும் டீச்சர், அண்ணன் ஏசுவான்" என்றாள். அந்தப் பயத்தைப் பார்த்ததும், லேப்டாப்பை விட இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

முதல் வேலை, அண்ணனின் போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுத்தது. லினக்ஸ் போடும்போது பழையது அழிந்துவிடலாம். ஆகவே இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கி, இன்னொரு பென் டிரைவில் ஏற்றினோம். இதற்கு 2 ஜிபி ராம் இருந்தாலே போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். புடவையை வாங்கும் முன் தோளில் போட்டுப் பார்ப்பது போல. திரை தெரிகிறதா, சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். திரையும் சத்தமும் சரியாக இருந்தன. வைஃபை மட்டும் காட்டவில்லை.

இங்கேதான் டிரைவர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். வைஃபை, பிரிண்டர், ஒலி என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனி பாஷை உண்டு. கம்ப்யூட்டருக்கும் அந்தப் பாகத்துக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்ற அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வந்துவிடும். விண்டோஸ் போல சிடி தேட வேண்டியதில்லை. ஆனால் சில கம்பெனிகள் தங்கள் டிரைவர் எப்படி எழுதப்பட்டது என்று வெளியே காட்டுவதில்லை. அவற்றை மட்டும் நாம் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சேர்க்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். அதற்கும் வழி இருக்கிறது. இன்ஸ்டால் முடிந்ததும் செல்போனை சார்ஜர் வயரால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யச் சொன்னேன். உடனே போனின் நெட் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் எந்தப் பாகத்துக்கு எந்த டிரைவர் என்று அதுவே தேடிச் சொல்லும். பரிந்துரைக்கப்பட்டது என்று இருந்ததை அவள் தேர்ந்தெடுத்தாள். ஒரு தடவை ரீஸ்டார்ட். வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் வந்ததும் அவள் கைதட்டியதைப் பார்த்து அவள் அம்மா வாசலில் இருந்து ஓடி வந்தாள்.

சாஃப்ட்வேர் போடுவது இதைவிடச் சுலபம். கண்ட இடத்தில் இருந்து இறக்கக் கூடாது. 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்ற ஒரே கடையில் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் இலவசமாக இருக்கின்றன. எல்லாம் சரிபார்த்து டிஜிட்டல் முத்திரை குத்தியவை. திருட்டு விண்டோஸும் 'கிராக்' செய்த சாஃப்ட்வேரும் போட்ட கம்ப்யூட்டரில் பென்ஷன் அக்கவுன்ட்டைத் திறக்கும் உறவினர்களே, இந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

டெர்மினல் என்ற கறுப்புத் திரையிலும் 'ஆப்ட்' என்ற கட்டளை மூலம் போடலாம். ஒன்று கேட்டால், "அதற்கு இன்னின்னவும் வேண்டும், சேர்த்துப் போடட்டுமா?" என்று கேட்கும். தோசை கேட்டால் மாவும் எண்ணெயும் தானே எடுத்து வருகிற மாதிரி. கடவுச்சொல் அடிக்கும்போது சில லினக்ஸ் வகைகளில் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

சிவப்பாகவோ இங்கிலீஷிலோ நாலு வரி வந்தால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்று வந்தால், பெயரில் எழுத்துப் பிழை, அல்லது பட்டியல் பழையது. 'ஆப்ட் அப்டேட்' கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். 'குட் நாட் கெட் லாக்' என்று வந்தால், பின்னால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டுச் சாவியை முழுசாகக் கொடுப்பது போல அது. யாரோ எங்கோ எழுதியதை அர்த்தம் தெரியாமல் ஒட்டாதீர்கள்.

தமிழில் டைப் செய்ய 'ஐபஸ்' என்பதோடு தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையும் அதில் இருக்கிறது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது அவளுக்கு.

குறைகளையும் சொல்ல வேண்டும் அல்லவா? டேலி, போட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேராக ஓடாது. அதுதான் பிழைப்பு என்றால் விண்டோஸிலேயே இருங்கள். லிப்ரே ஆபீஸில் வேர்டு ஃபைல் திறக்கும், ஆனால் வரிகள் கொஞ்சம் இடம் மாறலாம். பிரிண்ட் கடைக்குப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். புதிய பிரிண்டர்கள் பல, சொருகியதும் தானே வேலை செய்யும். பழைய சிலவற்றுக்குக் கூடுதலாக ஒரு மென்பொருள் துண்டு போட வேண்டிவரும்.

பிரிண்டர் என்றதும் ஒன்று. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அதன் புரோகிராமைத் தானே திருத்தி வைத்திருந்தார். அடுத்து வந்த புதிய பிரிண்டரின் புரோகிராமைத் தரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் 'க்னூ' திட்டத்தை அறிவித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் அதோடு சேர்ந்ததுதான் நாம் லினக்ஸ் என்கிறோமே, அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமைக்காக உண்டானது நம் ஊர்ப் பிள்ளை கையில் இன்று இலவசமாக இருக்கிறது.

புராஜெக்ட் இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. கம்மல் காதில் இருக்கிறது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி, போன வாரம் அவள் தன் தோழியின் லேப்டாப்புக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாள். என்னைக் கூப்பிடவே இல்லை!

பரணில் கிடப்பதை இறக்கித் தூசி தட்டுங்கள். ஊரில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து போடலாம். வெளியூரில் இருப்பவர்கள் திரையை போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆனால் அனுப்பும் முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாக வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்